அந்தமான் வேட்டை நாயும் கலப்பினத் தேர்வும்

அந்தமான் வேட்டை நாய் என்று பதிவு பெற்ற இனம் எதுவும் கிடையாது. 1858க்குப் பின் கப்பல்களில் வந்திறங்கிய நாய்கள் தங்களுக்குள் கலந்து பெருகி, தீவுவாசிகளிடம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழகின. அவற்றின் வழிவந்த நாய்களையே இக்கட்டுரை அப்பெயரால் குறிக்கிறது. இங்கிலாந்தில் லர்ச்சர் எனப்படும் கலப்பு வேட்டை நாயை உருவாக்குபவர்கள் ஆண் எது, பெட்டை எது என்று முன்கூட்டியே யோசித்து இணை சேர்க்கிறார்கள். அந்தமானில் அப்படி யாரும் யோசிக்கவில்லை. ஆனாலும் சில தலைமுறைகளுக்குள் காட்டுக்கும் இரைக்கும் பொருந்திய நாய் அங்கே உருவாகிவிட்டது. எந்த இனத்தோடு எதைச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு இந்தத் தீவுகளின் வரலாறு ஒரு நல்ல பாடம்.

நாயற்ற தீவுகள்

13ஆம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ, அந்தமான் மக்களுக்கு நாயின் தலையும் பற்களும் இருப்பதாக எழுதிவைத்தார். அவர் அங்கே போனதில்லை. கேட்ட கதையைத்தான் எழுதினார். உண்மையில் அம்மக்கள் நாயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தீவுகளில் இருந்த நிலவாழ் பாலூட்டிகள் வௌவால், எலி, மூஞ்சூறு, மரநாய், காட்டுப்பன்றி ஆகியவையே. புலியோ சிறுத்தையோ நரியோ இல்லை. வேட்டையாடிக்குக் கிடைத்த பெரிய நில விலங்கு பன்றி ஒன்றுதான். பெருநிலப் பன்றியைவிட அது உருவில் சிறியது. அடர்ந்த புதருக்குள் புகுந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம்.

நாய் இல்லாத குறையை அம்பால் ஈடுகட்டினார்கள். பன்றிக்கென்று செய்த அம்பின் முனை தனியாகக் கழன்றுகொள்ளும். முனையையும் தண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். முனை உடம்பில் தைத்து நிற்க, பன்றி ஓடும்போது பின்னால் இழுபடும் தண்டு செடிகொடிகளில் சிக்கி அதை நிறுத்திவிடும். ஓடும் இரையை மடக்கி நிறுத்துவதுதான் வேட்டை நாயின் பாதி வேலை. அந்தப் பாதியை இந்த அம்பு பார்த்துக்கொண்டது. எஞ்சிய பாதி, அதாவது பன்றி எங்கே படுத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது, மனிதனின் காதுக்கும் மூக்குக்கும் காலடித் தடம் பார்க்கும் கண்ணுக்கும் விடப்பட்டது.

கப்பலில் வந்த நாய்

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் அமைத்த முதல் குடியிருப்பு வடக்கே மாற்றப்பட்டு, நோயால் 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் கைதிகளோடு வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். அதன் தலைமையிடம் ராஸ் தீவு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் மரைன் ஹில் சரிவில் நின்றால் எதிர்க் கடலில் தெரிவது அதுதான். அதிகாரிகள், சிப்பாய்கள், கப்பல்காரர்கள் என்று வந்தவர்களோடு நாய்களும் வந்தன. எந்த இன நாய், எத்தனை என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. துறைமுகத்தில் இறங்கிய நாய்கள் சீக்கிரமே ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்தியத் தெருநாயின் ரத்தமே அதில் மேலோங்கும்.

1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் அந்தமானியருக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். வெவ்வேறு குழுவினர் அங்கே வந்து தங்கித் தங்கள் காட்டுக்குத் திரும்பினர். தப்பியோடிய கைதிகளைத் தேடிப் பிடிக்கவும் அரசு அவர்களைப் பயன்படுத்தியது. இந்தப் போக்குவரத்தில் இரும்பும் புகையிலையும் நோயும் காட்டுக்குள் போயின. நாயும் அப்படித்தான் போயிற்று. 1906 முதல் 1908 வரை கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன், பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் நாய்களை வைத்துப் பன்றி வேட்டையாடுவதைப் பதிவு செய்தார். நாயையே அறியாத ஒரு சமூகம் ஐம்பதே ஆண்டுகளில் அதை வேட்டையின் உறுப்பாக்கிக்கொண்டது.

அந்த வேட்டைக்காரர்களே அதற்குள் அருகிப் போயிருந்தார்கள் என்பதுதான் கொடுமை. 1877இன் தட்டம்மையும் மேகநோயும் ஊர் ஊராக அழித்தன. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். பழகிய நாய்கள் எஞ்ச, பழக்கியவர்கள் மறைந்தார்கள்.

சிறிய அந்தமானின் ஓங்கே மக்கள் 1880களின் நடுப்பகுதி வரை வெளியாரை நெருங்கவிடவில்லை. தொடர்பு ஏற்பட்ட பின் அவர்களும் நாய் வளர்த்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அவர்களிடையே ஆய்வு செய்த இத்தாலிய மானுடவியலாளர் லிடியோ சிப்ரியானியின் காலத்தில், நாயோடு பன்றிக்குப் போவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. வெளியுலகத்தை மறுத்து வாழ்ந்த காலமெல்லாம் ஜாரவா பழங்குடியினர் நாயின்றியே வில்லோடு வேட்டையாடினார்கள். பசிக்கு நாய் கட்டாயமில்லை என்பதற்கு அவர்களே சான்று. நாய் வந்தபோது குறைந்தது உழைப்பு. கூடவே, தடம் பார்க்கும் பழைய திறமைக்கு இருந்த தேவையும் குறைந்தது.

நிக்கோபார் கதை வேறு. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே பன்றியும் கோழியும் போல நாயும் வீட்டு விலங்கு. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து வந்த ராஞ்சித் தொழிலாளர்களும், 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் அருகே குடியமர்த்தப்பட்ட கரேன் மக்களும் காட்டை நன்கறிந்தவர்கள். தீவின் வேட்டை மரபில் அவர்களும் பிற்காலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

லர்ச்சர்: திட்டமிட்ட கலப்பு

லர்ச்சர் என்பது ஓட்டத்துக்குப் பெயர்போன நாயை வேறு வேலை நாயோடு சேர்த்துப் பெறும் கலப்பு. ஒரு பக்கம் கிரேஹவுண்ட், விப்பெட், டீர்ஹவுண்ட், சலூக்கி போன்ற, கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். மறுபக்கம் ஆடு மேய்க்கும் கோலி அல்லது துணிச்சல்மிக்க டெரியர். இரண்டு பெற்றோருமே ஓட்ட நாய்களானால் ஆங்கிலேயர் அதற்கு லாங்டாக் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் கலக்க வேண்டும்? சுத்தக் கிரேஹவுண்ட் குறைந்த தூரத்தில் மின்னலாகப் பாயும். ஆனால் தோல் மெல்லியது, உடம்பில் கொழுப்பில்லை, முள்ளும் கல்லும் கிழித்துவிடும், குளிர் தாங்காது, துரத்தல் முடிந்ததும் துவண்டுவிடும். கோலி ரத்தம் சேர்ந்தால் சொன்னதைக் கேட்கும் புத்தியும் மழை தாங்கும் மயிரும் உறுதியான பாதமும் கிடைக்கும். வேகம் சற்றுக் குறையும். முயல் பிடிக்க விப்பெட்டோடு பெட்லிங்டன் டெரியரைச் சேர்ப்பார்கள். மானுக்கு டீர்ஹவுண்ட் வேண்டும். சலூக்கி கலந்த நாய் நெடுந்தூரம் சளைக்காது; ஆனால் கூப்பிட்டால் வராது என்ற கெட்ட பெயரும் அதற்குண்டு.

முதல் கலப்பில் பிறக்கும் குட்டிகள் ஓரளவு ஒரே சாயலில் இருக்கும். அக்குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறை சிதறிப்போகும்: ஒன்று தாத்தாவைப் போல, ஒன்று பாட்டியைப் போல, ஒன்று எதற்கும் உதவாததாக. அதனால்தான் அனுபவசாலிகள் முதல் கலப்பை மறுபடியும் கிரேஹவுண்டோடு சேர்த்து, முக்கால் பங்கு ஓட்டமும் கால் பங்கு புத்தியுமாக நிறுத்திக்கொள்வார்கள். கலப்பினம் என்றாலே நோயற்றது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. இரண்டு பெற்றோரிடமும் ஒரே குறை இருந்தால் குட்டிக்கும் அதே குறை வரக்கூடும்.

இந்தியாவில் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு ராம்பூர் ஹவுண்ட். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராம்பூர் நவாப் அகமது அலி கான், ஆப்கானிஸ்தானத்துத் தாஸி நாயின் முரட்டு உறுதியையும் ஆங்கிலக் கிரேஹவுண்டின் வேகத்தையும் ஒன்றாக்க முயன்றார். நரி வேட்டைக்கு ஏற்ற நாய் கிடைத்தது. ஆனால் சமஸ்தானம் போனதும் நாயும் அரிதாகிவிட்டது. வேலை இல்லாமல் வேலை நாய் நிலைப்பதில்லை.

தென் தமிழ்நாடு இதற்கு நேர்மாறு. விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளின் வறண்ட கரிசல் வெளியில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டையிலேயே வடிவம் பெற்றன. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த நெஞ்சு, குட்டை மயிர் எல்லாம் அந்தத் திறந்த நிலம் கொடுத்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில், தேனிப் பக்கத்துக் கோம்பை வேறு வார்ப்பு: கட்டையான உடல், வலுத்த தாடை, பன்றியை எதிர்க்கும் துணிவு. ஒரே மாநிலத்துக்குள் நிலம் மாறினால் நாய் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க இந்த மூன்றும் போதும். ராஜபாளையம் நாயினத்தில் வெள்ளை நிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையுமே பார்த்துப் பார்த்து வளர்த்ததால் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது தொல்லையாயிற்று. வேலையை விட்டு அழகைப் பார்த்தால் வரும் கேடு அது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் 2020இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட் ஆகிய மூன்றையும் முறைப்படி பதிவு செய்தது. ஓட்டப் பந்தயத்துக்காகச் சிப்பிப்பாறையில் கிரேஹவுண்ட் ரத்தத்தைக் கலப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு பந்தயம் ஜெயிக்கலாம். ஆனால் கரிசலின் வெயிலைத் தாங்கும் உடம்பைப் பல தலைமுறை உழைத்துத்தான் திரும்பப் பெற முடியும்.

தீவுக்கு எந்த நாய்?

ஓட்ட நாய் கண்ணை நம்பி வாழ்வது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமான் காட்டில் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாய்ந்து ஓட இடமும் கிடையாது. கொடியும் பிரம்பு முள்ளும் மெல்லிய தோலைக் கிழித்துவிடும். ஆகவே கிரேஹவுண்ட் வழி வந்த எந்தக் கலப்பும், கரிசலில் கொடிகட்டிப் பறந்த சிப்பிப்பாறையும் இங்கே வீண். நீண்ட மயிர் உள்ள கோலிக் கலப்பில் ஈரமும் உண்ணியும் குடியேறும்.

ஆஸ்திரேலியாவில் பன்றி வேட்டைக்குக் கலப்பு நாய்களைத் தேர்ந்தவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். மோப்பத்தால் தேடிக் கண்டு, சுற்றி நின்று குரைத்துப் பன்றியை அசையவிடாமல் நிறுத்துபவை ஒரு வகை. பாய்ந்து கவ்விப் பிடிப்பவை இன்னொரு வகை. பிடிக்கும் நாய்க்கு எடையும் தாடையும் வேண்டும். அதற்கு புல் டெரியர் ரத்தம் கலந்தார்கள். அம்போடு போகும் அந்தமான் வேட்டைக்காரனுக்கு முதல் வகை போதும். நாய் நிறுத்தினால் அம்பு முடித்துவிடும். கனத்த நாய் வெப்பத்தில் இளைக்கும், தோணியில் இடம் அடைக்கும், தின்னவும் நிறைய வேண்டும்.

நடுத்தர உயரம், குட்டை மயிர், நல்ல மோப்பம், ஓங்கிய குரல், குறைந்த தீனி என்று பட்டியல் போட்டால் அது இந்திய நாட்டு நாயின் வருணனையாகவே முடிகிறது. தீவுக் காட்டுக்குப் போன நாயும் அதுதான். துணிவில்லாத நாய் வேட்டைக்குப் பயன்படவில்லை; மிதமிஞ்சிய துணிவுள்ளது பன்றியின் கோரைப்பல்லில் குடல் சரிந்து செத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தவையே குட்டி போடும் வரை உயிர் வாழ்ந்தன. வளர்ப்பவர் செய்ய வேண்டிய தேர்வைக் காடே செய்துவிட்டது.

இன்று

பெரிய நிலவாழ் ஊனுண்ணி இல்லாத இந்தத் தீவுகளில் வெளியிலிருந்து வந்த நாயே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர் விட்ட புள்ளிமான்கள் பெருகியபோது அவற்றைக் குறைக்க 1950களில் சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், அது பலிக்கவில்லை. ஆனால் அழையாமல் வந்த நாய் நிலைத்தது. உரிமையாளர் இல்லாத நாய்கள் கடலாமைகள் முட்டையிடும் கரைகளைத் தோண்டுகின்றன. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவிலும் நடு அந்தமானின் கத்பர்ட் விரிகுடாவிலும் இது நீண்ட நாள் தொல்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தமான் பன்றியைக் காக்கிறது. அச்சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு 1967 அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையை மட்டும் விட்டுவைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும்கூட 2004ஆம் ஆண்டுச் சட்டம் நாய்விட்டு ஹேர் எனப்படும் பெருமுயலைத் துரத்துவதைத் தடைசெய்துவிட்டது. அங்கே லர்ச்சர்களில் பல இன்று வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடக்கின்றன.

அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் இந்தியாவில் வெறிநோய் இல்லாத பகுதிகளாகக் கருதப்படுகின்றன. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து ஒரு நாயைக் கொண்டுபோகிறவர் இதை மறக்கக் கூடாது. தடுப்பூசி போடாத ஒரே ஒரு குட்டி போதும், அந்தப் பெயர் போய்விடும். அத்தீவுகளில் கலப்பு வேட்டை நாய் உருவாக்குவதற்கு இன்று நியாயமான தேவை எதுவும் இல்லை. நாய் வளர்க்க ஆசைப்படுபவர்கள் அங்கேயே தெருவில் திரியும் குட்டியை எடுத்துத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்ப்பதே நல்லது.