சுரங்க அமில நீரும் உலோகம் பிரிக்கும் நுண்ணுயிரிகளும்

சுரங்க அமில நீர் என்பது சல்பைடு கனிமங்கள் காற்றும் நீரும் பட்டுச் சிதைவதால் உண்டாகும் கந்தக அமிலக் கழிவுநீர் ஆகும். இதில் வாழும் சில பாக்டீரியாக்கள் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கப் பயன்படுகின்றன.

எசுப்பானியாவின் ரியோ டின்டோவில் 18ஆம் நூற்றாண்டிலேயே சுரங்க நீரில் இரும்பைப் போட்டுச் செம்பைப் படியவைத்தனர். செம்பைக் கரைத்தது நுண்ணுயிரி என்பதை எவரும் அறியவில்லை. 1947இல் கோல்மர், ஹிங்கிள் ஆகியோர் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் அமிலம் உண்டாவதில் பாக்டீரியாவின் பங்கைக் காட்டினர். 1951இல் அதற்குத் தயோபேசில்லசு பெர்ரோஆக்சிடன்சு எனப் பெயரிடப்பட்டது. 2000இல் அது அசிடிதயோபேசில்லசு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பெர்ரசு இரும்பைப் பெர்ரிக் இரும்பாக்கிக் கிடைக்கும் ஆற்றலில் இது வாழ்கிறது. அமில நீரில் மிக மெதுவாக நடக்கும் இம்மாற்றத்தை ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு விரைவாக்குகிறது. அந்தப் பெர்ரிக் இரும்பே சல்பைடைச் சிதைக்கிறது. 1958இல் கென்னகாட் நிறுவனம் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது.

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கே. ஏ. நடராஜன் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்க நிறுவனத்துடன் இணைந்து உயிரி உலைகளில் ஆய்வுகள் நடந்தன. இங்கே பாக்டீரியா தங்கத்தைக் கரைப்பதில்லை. தங்கத்தைச் சிறைப்படுத்திய பைரைட்டு, ஆர்சனோபைரைட்டு ஆகியவற்றையே உடைக்கிறது. பிறகுதான் சயனைடு தங்கத்தை எட்டுகிறது. ஆனால் ஆர்சனிக்கும் கரைந்து வெளிவருவதால், அதை நிலைப்படுத்தாமல் இம்முறையைத் தூய்மையானது என்பது பொருந்தாது.

சேலம், நாமக்கல் பகுதியின் நிலை வேறு. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டின் மக்னசைட்டு ஒரு கார்பனேட்டு, அமிலத்தையே முறித்துவிடும். கஞ்சமலையின் மேக்னடைட்டு ஓர் ஆக்சைடு. ஆகவே இரும்பையும் கந்தகத்தையும் உண்டு வாழும் பாக்டீரியாவுக்கு இங்கு இரை குறைவு. ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டு மேட்டூரில் அலுமினாவாக்கப்பட்டபோது எஞ்சிய செம்மண் கழிவு கடுங்காரத் தன்மை கொண்டது. அமில விரும்பிகள் அதில் பிழைக்கா.

பாக்சைட்டுக்கு வேறொரு வழி உண்டு. பேசில்லசு பாலிமிக்சா என்ற பாக்டீரியா அதிலுள்ள கால்சியத்தையும் இரும்பையும் நீக்குவதை நடராஜன் குழுவினர் 1996இல் வெளியிட்டனர். இதற்குச் சர்க்கரை ஊட்ட வேண்டும். தொழிற்சாலை அளவில் அச்செலவே தடை. மாவுச்சத்து மிகுந்த கழிவுநீரை வெளியேற்றும் சவ்வரிசி ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில், அக்கழிவைச் சர்க்கரைக்கு மாற்றாகச் சோதித்துப் பார்க்கத் தகும்.