பட்னா கோல்கர்: ஒரு களஞ்சியத்தின் வரலாறு

நெடுங்கேணி போன்ற வன்னிக் கிராமங்களிற் கமக்காரன் தன் நெல்லைத் தன் வளவுக் கொம்பறையிலேயே சேமித்து வந்தான். அரசு எழுப்பும் களஞ்சியமோ வேறொரு சமூக உறவின் விளைபொருளாகும். பட்னாவிலுள்ள கோல்கர் இதற்குத் தக்க சான்று.

1770ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் வங்காள மாகாண மக்களுள் மூன்றிலொரு பங்கினரேனும் மாண்டனரென வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டார். எனினும் 1771இன் வரி வசூல் 1768இனதை விஞ்சியது. வன்முறையாலேயே அது குறையாது பேணப்பட்டதென்பதையும் அவர் மறைக்கவில்லை. 1783இல் மீண்டும் பஞ்சம் தோன்றவே, 1784 ஜனவரியிற் களஞ்சியத் திட்டம் ஆணையிடப்பட்டது. பொறியியலாளர் ஜோன் கார்ஸ்டின் 1786 ஜூலையிற் கட்டடத்தை முடித்தார்.

உள்ளே தூண் ஒன்றுமின்றி 29 மீற்றர் உயரும் இக்குவிமாடத்தின் அடிச்சுவர் 3.6 மீற்றர் தடிப்புடையது. புறத்தே 145 படிகளுடன் இரு படிவரிசைகள் சுற்றியேறுகின்றன. சுமையாளர் ஒன்றால் ஏறி, உச்சித் துளைவழியே தானியத்தைக் கொட்டி, மற்றதால் இறங்க வேண்டுமென்பது ஏற்பாடு. கதவுகள் உட்புறமாகத் திறப்பதால், நிரம்பியபின் அவற்றைத் திறக்கவியலாது என்றொரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, ஆட்சியாளர் பற்றிய மக்கள் தீர்ப்பு அதிலுண்டு.

பஞ்சத்தை நிரந்தரமாகத் தடுக்கும் பொதுத் திட்டத்தின் பகுதியென இதனைக் குறிக்கும் கல்வெட்டில், முதன்முதல் நிரப்பி மூடுபவரின் பெயருக்கென விடப்பட்ட இடம் வெறுமையாகவே எஞ்சியது. களஞ்சியம் ஒருபோதும் நிரம்பவில்லை. குடியானவனிடம் மிஞ்சியதை வரி கொண்டுபோனபின் நிரப்புவதற்கு எது இருந்தது? 1873-74இற் பீகாரிற் பஞ்சம் மூண்டபோது, அரிசி பர்மாவிலிருந்தே தருவிக்கப்பட்டது.