அறுவைக்குப் பிந்தைய குமட்டலும் வாந்தியும்: பழனிமலைப் பகுதி

அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வருகின்றன. பொது மயக்கத்தில் அறுவை செய்துகொள்வோரில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேர் வாந்தி எடுக்கிறார்கள். முகரவைக்கும் மயக்க வாயுக்களும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளும் மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுவது முதன்மைக் காரணம். மார்ஃபின் உட்காதின் சமநிலை உறுப்பையும் கூருணர்வுள்ளதாக்குகிறது. மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் புரட்டுவதும் இதே உறுப்பின் வழியாகத்தான்.

1999இல் ஆப்ஃபெல் குழுவினர் வகுத்த அளவீடு நான்கு காரணிகளைக் கொண்டது: பெண்ணாக இருத்தல், புகைபிடிக்காமை, முன்பு அறுவைக்குப் பின்னரோ பயணத்திலோ வாந்தி எடுத்திருத்தல், அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுதல். ஒன்றும் இல்லாதவருக்கு வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு. நான்கும் உள்ளவருக்கு 80. மூன்றாவது காரணியில் பயண வாந்தியை அறிய, கொடைக்கானல்காரர்களிடம் "வத்தலக்குண்டு பஸ்ஸில் வாந்தி வருமா?" என்று கேட்டாலே போதும். அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் தவறவிடக் கூடாத கேள்வி இது.

வந்தபின் அடக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது. முதுகுத்தண்டு ஊசியில் முடியும் அறுவைக்குப் பொது மயக்கம் தேவையில்லை. தேவைப்பட்டால், வாயுவுக்குப் பதில் புரோபோஃபால் ஊசியால் மயக்கத்தைத் தொடரலாம். வாந்தித் தடுப்பு மருந்தாக, அறுவையின் தொடக்கத்தில் டெக்சாமெத்தசோன், முடிவில் ஒண்டான்செட்ரான் 4 மி.கி. தருவது வழக்கம். அதையும் மீறி வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் அதே மருந்தைத் திரும்பக் கொடுப்பதில் பயன் குறைவு. வேறு வகை மருந்தே ஏற்றது. அரைமயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைக்காவிட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி தொடர்ந்தால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் குடல் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரிய அறுவைக்குக் கொடைக்கானலிலிருந்து தேனிக்கோ மதுரைக்கோ இறங்கியவர் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குத் திரும்ப ஏறியாக வேண்டும். வாந்தியின் உந்தல் புதிய தையலைச் சோதிக்கும். குமட்டல் நின்றபின் கிளம்புவதும், குறைவாகச் சாப்பிட்டு முன்னிருக்கையில் அமர்வதும் நல்லது. பயண வாந்திக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்; மார்ஃபின் வகை வலிநிவாரணியுடன் சேர்ந்தால் தூக்கம் மிகும்.

விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள் மலையேறவே கூடாது. கொடைக்கானலில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏற ஏற வாயு விரிந்து கண்ணழுத்தம் கூடும். கடும் வலியும் வாந்தியும் வரும், பார்வையும் பறிபோகலாம். அந்த வாந்தியைப் பஸ் வாந்தி என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. வாயு முழுதும் கரைய, அதன் வகையைப் பொறுத்து, சில நாள் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை சமவெளியில்தான் தங்க வேண்டும்.