வரி கூட்டரசுக்கு, மண் மாநிலத்திற்கு

நாம் செலுத்தும் வருமான வரி கூட்டரசுக் கருவூலத்திற்குப் போகிறது. வீட்டு மனைக்குக் கட்டும் நிலவரியோ மாநில அரசாங்கத்திற்குப் போகிறது. இதை இப்படிப் பிரித்தது ஏன் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், நம் தோட்டங்களும் காடுகளும் ஏன் கைமாறுகின்றன என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கதை 1896-இல் தொடங்குகிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களையும் ஆங்கிலேயர் ஒரே கூட்டமைப்பாக்கினர். பேராக்கும் சிலாங்கூரும் ஈயத்தால் செழித்திருந்தன; பகாங் கடனில் தவித்தது. இருப்பவர் இல்லாதவருக்கு உதவலாம் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். ஆனால் நாளடைவில் பணமும் அதிகாரமும் கோலாலம்பூரில் குவிந்தன. 1903-இல் நடந்த ஆட்சியாளர் மாநாட்டிலேயே பேராக் சுல்தான் இட்ரிஸ் இது குறித்துத் தம் மனக்குறையைச் சொன்னார்.

சுதந்திரம் நெருங்கியபோது ரீட் பிரபு தலைமையிலான ஆணையம் அரசியலமைப்பை வரைந்தது. வலுவான மத்திய அரசாங்கம் அமைய வேண்டும் என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட பணிகளில் ஒன்று. அவசரகாலம் இன்னும் முடியவில்லை. புதிய நாட்டை வளர்க்கப் பணம் வேண்டும். ஆகவே வருமான வரி, சுங்க வரி, கலால் வரி எல்லாம் கூட்டரசிடமே விடப்பட்டன. ஈய ஏற்றுமதி வரியில் மட்டும் ஒரு பங்கு, குறைந்தது 10 விழுக்காடு, ஈயம் எடுக்கப்பட்ட மாநிலத்திற்குக் கிடைத்தது. கூடவே மக்கள் தொகைக்கேற்ற மானியமும் சாலை மானியமும் உண்டு.

அப்படியானால் மாநிலத்தின் சொந்த வருவாய்தான் என்ன? அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் வரியைப் படித்தால் நமக்கு நெஞ்சு சுருக்கென்று தைக்கும். அது கள்ளுக்கடை வருமானம்! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. பதினாறு ஆண்டுகள் கழித்து அதே கள்ளுக்கடை மாநிலங்களின் வருவாய்ப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இரண்டாவது வரி நிலம், சுரங்கம், காடு. இதுதான் இன்றைக்கும் முக்கியம். வருமான வரி விதிக்க முடியாத மாநிலம், பணம் வேண்டுமென்றால் எங்கே போகும்? மண்ணிடம்தான் போகும். தோட்ட நிலம் வீட்டு மனையாக மாற்றப்படும்போது கிடைக்கும் கட்டணம் மாநிலத்துக்கு. வெட்டப்படும் காட்டு மரத்தின் வருவாயும் மாநிலத்துக்கே. நிற்கிற மரம் கருவூலத்திற்கு எதுவும் தருவதில்லை. இதை உணர்ந்துதான் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019-இல் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது.

1963-இல் மலேசியாவில் இணைந்த சபாவும் சரவாக்கும் முன்யோசனையோடு பேரம் பேசின. விற்பனை வரி விதிக்கும் உரிமையை அவை எழுத்தில் பெற்றன. அந்த உரிமையைக் கொண்டுதான் சரவாக் 2019 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு வரி விதிக்கிறது. தீபகற்ப மாநிலங்களுக்கு அந்த உரிமை இல்லை.

இதனால் கூட்டரசை மட்டும் குறை கூறிவிட முடியாது. வரிப்பணம் ஓரிடத்தில் சேர்வதால்தான் பெர்லிஸ் போன்ற சிறிய மாநிலத்திலும் கல்வியும் மருத்துவமும் கிடைக்கின்றன. ஆனால் இந்தப் பிரிவினை நம் வாசல் வரை வந்து நிற்பதை நாம் மறக்கக்கூடாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் கூட்டரசின் பொறுப்பு. அந்தப் பள்ளிக்கு நிலம் வேண்டுமென்றால் அது மாநிலத்தின் கையில். கோயில் நிலமும் அப்படியே. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் மனுவோடு அலைந்து காலத்தைக் கழித்தவர்கள் நம்மில் பலர். பத்தாவது அட்டவணையை ஒருமுறை படித்தவர் அப்படி அலைய வேண்டியதில்லை.