துருக்கி மொழி: சொற்கள் மாறின, விகுதிகள் மாறவில்லை

"மெக்தெபெ கிதியோரும்." நூறு ஆண்டுகளுக்கு முன் இஸ்தான்புல் சிறுவன் "பள்ளிக்குப் போகிறேன்" என்பதை இப்படித்தான் சொல்லியிருப்பான். இன்றைய சிறுவன் "ஒகுலா கிதியோரும்" என்கிறான். மெக்தெப் என்ற அரபிச் சொல் ஒதுங்கி, 1930களில் உருவான ஒகுல் வந்துவிட்டது. கிதியோரும் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்?

துருக்கியும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழிதான். கித் என்றால் போ. யோர் நிகழ்காலம் காட்டும், உம் 'நான்' என்று காட்டும். கெல் என்றால் வா. நடுவில் 'மி' சேர்த்துக் கெல்மியோரும் என்றால் 'நான் வரவில்லை'. இறந்தகாலத்துக்கு இரண்டு விகுதிகள் உண்டு. நேரில் அறிந்ததைச் சொன்னால் கெல்தி (வந்தார்). கேள்விப்பட்டதைச் சொன்னால் கெல்மிஷ் (வந்தாராம்). இன்றைய மங்கோலியாவில் உள்ள 8ஆம் நூற்றாண்டு ஓர்கோன் கல்வெட்டுகளிலேயே இவ்விரண்டின் பழைய வடிவங்களும் இருக்கின்றன!

உஸ்மானியர் காலத்தில் அரபி, பாரசீகச் சொற்கள் ஏராளமாகப் புகுந்தன. ஆனால் அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களாகவே வந்தன. வினைமுடிவு துருக்கியிலேயே இருந்தது. "நன்றி" சொல்ல இன்றும் வழங்கும் தெஷெக்கியூர் எதெரிம் என்பதில் முதற்சொல் அரபி, அடுத்தது 'செய்கிறேன்' என்னும் துருக்கி வினை.

1928 நவம்பர் 1 அன்று அரபி எழுத்து நீக்கப்பட்டு, 29 இலத்தீன் எழுத்துகள் சட்டமாயின. விகுதிகளைப் பொறுத்தவரை இது பெரும் வசதி. துருக்கியில் விகுதியின் உயிர் முன்னுள்ள உயிருக்கு இசைந்து மாறும். கெல்தி என்பவர், 'கண்டுபிடித்தார்' என்பதற்குப் புல்து என்பார். பழைய எழுத்தில் இரண்டு முடிவுகளும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. புதிய எழுத்தில் காதில் கேட்ட வேறுபாடு கண்ணுக்கும் தெரிந்தது.

1932இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கியபின் சொற்களின் முறை வந்தது. புதிய சொற்கள் பலவும் பழைய வேர்களோடும் விகுதிகளோடும் கட்டப்பட்டன.

இதற்கு விலையும் இருந்தது. முஸ்தபா கெமால் 1927 அக்டோபரில் ஆறு நாட்கள், 36 மணி நேரத்துக்கும் மேலாக நிகழ்த்திய உரை 'நுதுக்'. அடுத்த தலைமுறைக்கு அது புரியாமல் போனதால், 1960களில் அதையே புதிய துருக்கியில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. சீர்திருத்தம் செய்தவரின் பேச்சுக்கே இந்த நிலை!

பெயர்ச்சொற்களைச் சட்டமும் கழகமும் மாற்ற முடிந்தது. வாக்கியத்தைக் கட்டும் வினைவிகுதிகள் மக்கள் வாயில் இருந்தபடியே இருக்கின்றன.