ஒரே அரிச்சுவடி, இரு தலைமுறை

"இச்சி, நி, சான், ஷி, கோ..." ஜப்பானிய மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும் சொற்கள் இவை. நம் நாட்டில் ஒரு தலைமுறை இவற்றைப் பள்ளித் திடலில் அச்சத்தோடு கற்றது. அடுத்த தலைமுறையோ, இதே சொற்களைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆசையோடு கற்றது. இரண்டுக்கும் இடையே இருந்தவை வெறும் நாற்பது ஆண்டுகள். வேண்டாத மொழி எப்படி வேண்டிய மொழியானது?

பிழைப்புக்கான பாடம்

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படைகள் கோத்தாபாருவில் கரையிறங்கின. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ஊரின் பெயர் 'சியோனான்' ஆனது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன. 1942ஆம் ஆண்டு, ஜப்பானியக் கணக்குப்படி 2602 ஆயிற்று.

பள்ளிக்கூடங்கள் மீண்டும் திறந்தபோது ஜப்பானிய மொழி, அதாவது 'நிப்போங்கோ', பாடமாக நுழைந்தது. தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. காலையில் தோக்கியோ இருக்கும் திசை நோக்கித் தலைவணங்க வேண்டும். ஜப்பானிய நாட்டுப்பண் பாட வேண்டும். ஆசிரியர்களின் நிலைமைதான் பரிதாபம். தாங்கள் அரைகுறையாகக் கற்றதையே மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் 1942 மே மாதம் 'சியோனான் நிப்போன் காக்குவென்' என்ற மொழிப்பள்ளி தொடங்கியது. அதன் முதல் அணியில் சேர்ந்து மூன்று மாதம் படித்தவர்களில் 18 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். போரால் ராஃபிள்ஸ் கல்லூரிப் படிப்பு தடைபட்ட அவர்தான் லீ குவான் இயூ. பிழைத்திருக்க வேண்டுமானால் ஆள்பவரின் மொழி தெரிய வேண்டும் என்ற காலம் அது.

நம்மவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் கொடியது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1942-43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையை நம் மக்கள் 'மரண ரயில்' என்றே அழைக்கிறார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1945இல் போர் முடிந்ததும் நிப்போங்கோ புத்தகங்கள் பள்ளிகளை விட்டு மறைந்ததில் வியப்பில்லை.

கிழக்கை நோக்கி

அலோர் ஸ்டாரில் போரினால் படிப்பு தடைபட்டு, வாழைப்பழம் விற்ற மாணவர் ஒருவர் இருந்தார். அவர்தான் பின்னாளில் பிரதமரான துன் டாக்டர் மகாதீர். 1982இல் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தவரும் அவரே. ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் தொழில்நுட்பத்தையும் மலேசியர்கள் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். போரில் தோற்று, சாம்பலிலிருந்து எழுந்து, கார்களையும் மின்பொருள்களையும் உலகெங்கும் விற்ற ஜப்பானைத்தான் அவர் சுட்டிக்காட்டினார்.

அதே ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் 'அம்பாங் அசுஹான் ஜெப்புன்' என்ற ஈராண்டு ஆயத்தப் பயிற்சி தொடங்கியது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்புவதற்கான பயிற்சி இது. ஐந்தாம் படிவம் முடித்து வந்தவர்கள், 'அ, இ, உ'விலிருந்து தொடங்கினார்கள். மொழியைக் கற்ற கையோடு கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களையும் ஜப்பானிய மொழியிலேயே, ஜப்பானிலிருந்து வந்த ஆசிரியர்களிடம் படித்தார்கள். முதல் அணி 1984இல் விமானம் ஏறியது.

தமிழருக்குப் புதிதல்ல

இந்த மொழியைத் தொடங்கும் தமிழ் மாணவருக்கு ஓர் இனிய வியப்பு காத்திருக்கிறது. ஜப்பானிய நெடுங்கணக்கு அ, இ, உ, எ, ஒ என்று உயிரெழுத்துகளில் தொடங்குகிறது. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைகள் வருகின்றன. பழங்காலத்தில் 'ஹ' இருக்கும் இடத்தில் 'ப' ஒலி இருந்தது என்பது மொழியியல் அறிஞர்களின் முடிவு. அப்படியானால் இது நம் அரிச்சுவடியின் வரிசைதானே! பௌத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய எழுத்துக் கல்வியின் தாக்கம் இது.

வாக்கிய அமைப்பும் அப்படியே. மலாயில் "சாயா மாக்கான் நாசி" என்றால் வினைச்சொல் நடுவில் நிற்கும். ஜப்பானியத்தில் "வதாஷி வா கோஹான் ஒ தபெமாஸ்". 'நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். 'ஒ' என்பது நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. "இகிமாஸ்" என்றால் போகிறேன், "இகிமாஸ் கா?" என்றால் போகிறீர்களா? கேள்வி நம்மைப் போலவே கடைசியில் ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு, இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று எழுதியவர் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும், தமிழ் இலக்கணம் அறிந்தவருக்குத் தொடக்கப் பாடம் சற்று எளிதாகும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் காஞ்சி எழுத்துகள் எவரையும் விடுவதில்லை. 1981இல் ஜப்பானிய அரசு வெளியிட்ட அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 1,945 எழுத்துகள். 2010இல் அது 2,136 ஆனது. ஒரே எழுத்தை இடத்துக்கு ஏற்ப இரண்டு, மூன்று விதமாக வாசிக்க வேண்டும். மனப்பாடத்தைத் தவிர வேறு வழியில்லை.

மறக்க வேண்டியதில்லை

கிழக்கை நோக்கும் கொள்கையின் கீழ் நாற்பது ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்ட மலேசியர்கள் ஜப்பானில் கல்வியும் பயிற்சியும் பெற்றார்கள். 2011இல் கோலாலம்பூரில் மலேசியா-ஜப்பான் அனைத்துலகத் தொழில்நுட்பக் கழகமும் திறக்கப்பட்டது.

மொழி எந்தக் குற்றமும் செய்வதில்லை. அன்று வலித்தது நிப்போங்கோ அல்ல. அதைத் திணித்த துப்பாக்கி. தானாக விரும்பிக் கற்கும்போது, அதே எழுத்துகள் வாழ்க்கைக்கு வாசல் திறக்கின்றன. அதற்காகப் பழையதை மறக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை ஜப்பானுக்குப் படிக்கப் போகிறான் என்று மகிழும் வீட்டில், சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் பெயரும் ஒருமுறை சொல்லப்படட்டும். கற்பவனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.