பத்தொன்பது வயதில் ஒரு நாடு

ஒரு நாள் ஆறாம் ஆண்டு வகுப்பில் உலகப் படத்தை மாட்டிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். கரிபியன் கடலில் ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதியைத் தொட்டுக் காட்டி, "இதுதான் ஹைத்தி. இந்தக் குடியரசுக்கு 19 வயதுப் பையன் ஒருவன் அதிபரானான். அதுவும் ஆயுட்கால அதிபர்!" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"குடியரசுன்னா ஓட்டுப் போட்டுத்தானே சார் தலைவர் வரணும்?" என்றான் ஒரு மாணவன். "அவங்க அப்பா கொடுத்துட்டுப் போனாரு" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி மெல்ல எழுந்தாள். "அப்பா நாற்காலியிலே மகனைத் தூக்கி வெச்சா, அது மகனோட தப்பா சார்?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை கேட்டதும், அந்தப் பிள்ளைக்குத் தர வேண்டிய பதிலையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தந்தை விதைத்த அச்சம்

ஹைத்தி சாதாரண நாடல்ல. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட கறுப்பின மக்கள் பிரெஞ்சுப் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ஆம் நாள் கொனாயிவ் நகரில் விடுதலை முழங்கிய நாடு. அந்த நகரின் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதை மறுபடியும் அங்கேதான் வரப் போகிறது.

அந்நாட்டில் பிரான்சுவா டுவாலியர் என்ற மருத்துவர் இருந்தார். 'யாஸ்' எனும் கொடிய தோல் நோயை ஒழிக்கக் கிராமம் கிராமமாக நடந்தவர். ஏழை மக்கள் அன்போடு அவரைப் 'பாப்பா டாக்', அதாவது டாக்டர் அப்பா, என்று அழைத்தனர். 1957-இல் அவர் அதிபரானார். ஊசி போட்டு உயிர் காத்த அதே கை, பதவி வந்ததும் உயிரைப் பறிக்கத் தொடங்கியது.

இராணுவத்தை அவர் நம்பவில்லை. தமக்கென்று தனிப் படை ஒன்றை வளர்த்தார். மக்கள் அதற்கு 'டோன்டோன் மக்கூட்' என்று பெயர் வைத்தார்கள். 'சாக்குப்பை மாமா' என்று பொருள். அடங்காத பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிக் கொண்டு போவானாம் அந்த மாமா. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் பூச்சாண்டி மாதிரிதான். ஆனால் இந்தப் பூச்சாண்டி கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கொண்டு, துப்பாக்கியோடு நிஜமாகவே வந்தது. தூக்கிப் போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. 1964-இல் டாக்டர் தம்மை ஆயுட்கால அதிபர் என்று அறிவித்துக் கொண்டார்.

பள்ளி வாசலில் கேட்ட வெடி

அவருடைய ஒரே மகன் ஜான்-குளோட், 1951 ஜூலை 3-இல் பிறந்தவர். 1963 ஏப்ரல் 26 காலை, அவரும் ஓர் அக்காளும் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கிய வேளையில் துப்பாக்கி வெடித்தது. கூட வந்த காவலர்கள் சுடப்பட்டு விழுந்தனர். பிள்ளைகள் இருவருக்கும் காயமில்லை. பையனுக்கு அப்போது 11 வயது.

தந்தையின் சினம் ஊரைச் சுட்டது. சந்தேகத்துக்கு ஆளான ஓர் இராணுவ அதிகாரியின் வீடு எரிக்கப்பட்டது. அவர் குடும்பத்தார் கொல்லப்பட்டனர். அந்த அதிகாரியோ முன்பே அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றில் அடைக்கலம் புகுந்திருந்தார். தன் பொருட்டு எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதுவரைக்கும் அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாற்காலி கைமாறியது

1971 தொடக்கத்தில் டாக்டரின் உடல்நிலை சரிந்தது. அவசர அவசரமாக அரசியல் சட்டத்தைத் திருத்தி, அதிபர் பதவிக்கான வயது வரம்பைக் குறைத்தார்கள். தந்தை மகனைத் தம் வாரிசாகக் காட்டும் படங்கள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. மக்களிடம் வாக்கெடுப்பும் நடந்தது. இலட்சக்கணக்கானோர் ஆதரித்ததாகச் சொன்னார்கள். எதிர்ப்பா? அந்தப் பேச்சுக்கே அங்கு இடமில்லை!

ஏப்ரல் 21-இல் தந்தை இறந்தார். 19 வயதில் மகன் அதிபரானார். உலகத்திலேயே வயதில் மிக இளைய அதிபர். மக்கள் அவருக்கு 'பேபி டாக்' என்று பெயர் சூட்டினர். அக்காள் மரீ-டெனீஸ் அந்தப் பதவிக்கு வரட்டும் என்றே அவர் விரும்பியதாகவும் சொல்வதுண்டு. முதல் சில ஆண்டுகள் ஆட்சியின் கடிவாளம் தாயார் சிமோன் கையில் இருந்தது. பையனுக்குக் காரும் களியாட்டமும் போதுமாக இருந்தன.

"பையன் நல்லவன்தான், சுற்றி இருக்கிறவங்கதான் சரியில்லை" என்று சொல்வார்கள் அல்லவா, அப்படித்தான் வெளியுலகில் சிலர் பேசினார்கள். அமெரிக்க உதவி மீண்டும் வந்தது. தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனால் தந்தையின் சிறைச்சாலையான ஃபோர்ட் டிமாங்ஷின் கதவு மட்டும் திறந்தே இருந்தது, உள்ளே போவதற்கு. 1980 நவம்பர் 28-இல் பத்திரிகையாளர்களையும் வானொலிக்காரர்களையும் கூட்டமாகப் பிடித்து அடைத்து, பலரை நாடு கடத்தினார்கள். அதிபருக்கு அப்போது வயது 29. இனியும் அவரைப் பிள்ளை என்று சொல்ல முடியுமா?

அதே ஆண்டு மே மாதம் மிஷெல் பென்னெட்டை அவர் மணந்தார். அந்தத் திருமணச் செலவு குறைந்தது 20 இலட்சம் அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்திலேயே மிக ஏழை நாடு அது.

ஏழையின் உண்டியல் உடைந்தது

ஹைத்திக் குடியானவருக்குக் கறுப்புப் பன்றிதான் உண்டியல். கண்ட தீனியைத் தின்று வளரும். பள்ளி திறக்கும் மாதம் ஒன்றை விற்றால் பிள்ளைக்குக் கட்டணமும் சீருடையும் ஆகிவிடும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியதும், 1982, 1983 ஆண்டுகளில் நாட்டுப் பன்றிகளை ஏறக்குறைய முழுவதுமாக ஒழித்தார்கள். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைப் பன்றிகளுக்கோ சிமெண்டுத் தொழுவமும் விலை கொடுத்து வாங்கும் தீனியும் வேண்டும். 'நாலுகால் இளவரசர்கள்' என்று மக்கள் கேலி செய்தனர். பன்றி போனதோடு பல பிள்ளைகளின் படிப்பும் போனது.

1983 மார்ச்சில் அங்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், "இங்கே ஏதாவது மாறியாக வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொன்னார். பாதிரியார்களும் இளைஞர்களும் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார்கள். 1985 ஜூலையில் அரசு மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 99.98 விழுக்காடு ஆதரவு என்று அறிவித்தது. யாரும் நம்பவில்லை.

மறுபடியும் கொனாயிவ்

1985 நவம்பர் 28. விடுதலை முழங்கிய அதே கொனாயிவ் நகரில் ஆர்ப்பாட்டம். படையினர் சுட்டதில் பள்ளி மாணவர் மூவர் மாண்டனர். 22 ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி வாசலில் வெடி கேட்டு உயிர் தப்பிய சிறுவனின் ஆட்சியில், இப்போது பள்ளிப் பிள்ளைகளே குண்டுக்குப் பலியானார்கள்.

அத்தோடு அச்சம் செத்தது. 1986 ஜனவரியில் மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதிபர் ஓடிவிட்டார் என்ற செய்தி பரவியதும், "குரங்கு வாலைப் போல் உறுதியாக இருக்கிறேன்" என்று அவர் வானொலியில் சொன்னார். ஒரே வாரம்! பிப்ரவரி 7 விடியுமுன்னே காரைத் தாமே ஓட்டிக்கொண்டு விமான நிலையம் போய், அமெரிக்கப் படை விமானத்தில் பிரான்சுக்குப் பறந்தார். எட்டு நாள் தங்கட்டும் என்று இடம் கொடுத்தது பிரான்சு. தங்கியது கிட்டத்தட்ட 25 ஆண்டு.

2011 ஜனவரியில் அவர் தாயகம் திரும்பியபோது, துன்பப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் ஒரு நாள் நீதிமன்றத்தில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார். தீர்ப்பு வருமுன்பே, 2014 அக்டோபர் 4-இல் மாரடைப்பால் இறந்தார். வயது 63.

அவர் போனதும் ஹைத்தியில் பாலும் தேனும் ஓடவில்லை. 28 ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பம் ஆண்ட நாட்டில் நேர்மையான தேர்தலோ நீதிமன்றமோ வேர் விடவில்லை. அந்தக் கடனை மக்கள் இன்னும் அடைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இனி, அந்த மாணவிக்கு என் பதில்.

அம்மா, நாற்காலியில் தூக்கி வைத்தது மகனின் தப்பல்ல. 19 வயதில் வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாததைக்கூட மன்னிக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட 15 ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாரே, சிறைக்கதவு திறந்திருப்பது தெரிந்தும் உட்கார்ந்தாரே, அது அவருடைய தப்புதான். அப்பா கொடுத்ததற்கு மகன் பொறுப்பில்லை. கொடுத்ததை வைத்துக் கொண்டு என்ன செய்தான் என்பதற்கு அவன்தான் பொறுப்பு.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறீர்கள். அதை உங்களுக்கு யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. நீங்கள் உழைத்துப் பெற்றது. அந்தப் பெருமையோடு மேடைக்குப் போங்கள். கொனாயிவ் நகரில் புத்தகப் பையோடு வீடு திரும்பாத அந்த மூன்று பிள்ளைகளையும் ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.